தூங்கு பெஞ்சு

1

என் மாணவன் ஒருவனை அவன் கண்ணெதிரிலேயே, "இவன் எங்கள் மாணவன் இல்லை" என்று சொன்னவன் நான். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. வாய் தவறியும் வரவில்லை. யோசித்து, சிரித்த முகத்தோடு, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். சில நாள் கழித்து அதைவிடப் பெரிய பொய் ஒன்றும் சொன்னேன். அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இப்போது நான் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். திருப்பூரை விட்டுக் கடல் தாண்டி வந்தால், வந்து இறங்கிய ஊரிலும் பனியன்தான் பின்னுகிறார்கள். ஆனால் பனியன் என்ற சொல் மட்டும் இங்கே கிடையாது. வந்த புதிதில் ஒரு கடையில் பனியன் கேட்டு, அந்தப் பெண்ணுக்குப் புரியாமல் போகவே, சட்டைப் பித்தானைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்ட முயன்றேன். அவள் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டாள். வரலாறு சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தவன், பனியன் ஊரில் பனியன் வாங்கத் தெரியாமல் வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

வாரத்தில் சில நாள் மாலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பின்னலாடை ஆலைகளில் வேலை செய்யும் பஞ்சாபிகளுக்கும் குஜராத்திகளுக்கும் அங்கே ஆங்கில வகுப்பு நடக்கிறது. நடத்துவது சூசன் என்ற இளம் ஆசிரியை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட உதவுகிறவன். போன வாரம், இரவு ஷிப்டுக்குப் போகவிருந்த ஒரு சர்தார் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். சூசன் அவரை எழுப்பவில்லை. போய் அவர் தலைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, குரலைக் குறைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாள்.

நான் எழுந்து வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன். குளிருக்குக் கண்ணில் நீர் வருகிறது என்று இங்கே சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

2

எங்கள் கல்லூரி ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜின்னிங் பேக்டரியின் பஞ்சுக் கிடங்கில் பிறந்தது. பனியன் கம்பெனிக்காரர்களும் தோட்டம் வைத்திருந்த விவசாயிகளும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். கிடங்கிலிருந்து பஞ்சை அப்புறப்படுத்தினார்களே தவிர, பஞ்சுத் தூசியை அப்புறப்படுத்த யாராலும் முடியவில்லை. கூரையிலிருந்து அது இறங்கிக்கொண்டே இருக்கும். அசோகர் கலிங்கத்தை வென்ற கட்டத்தில் வகுப்பு முழுவதும் தும்மும்.

கல்லூரிக்கு மணி கிடையாது. மில் சங்கு ஊதினால் வகுப்பு தொடங்கும், சங்கு ஊதினால் முடியும். மில்லில் மூன்றாம் ஷிப்ட் பார்த்துவிட்டு நேராகக் கல்லூரிக்கு வருகிற பையன்களும் இருந்தார்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இருபது வயதில் நரைத்தவர்களைப் போல வந்து உட்கார்ந்து, சற்று நேரத்தில் சாய்ந்துவிடுவார்கள்.

எங்கள் முதல் பிரின்சிபால் கொமரலிங்கம் கிராமத்துக்காரர். கதர் வேட்டி, கதர் சட்டை. நான் ஒருநாள் அவரிடம் போய்ப் புகார் சொன்னேன்.

"பசங்க க்ளாஸ்ல தூங்கறாங்க சார்."

"குறட்டை விடறாங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் என்னங்க? மில்லு ராத்திரி ஓடுது, காலேஜு பகல்ல ஓடுது. நடுவுல மனுசன் எங்க போய்ப் படுப்பான்? கடைசி பெஞ்ச அவங்களுக்கு உட்ருங்க. நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, போதும்."

அப்படித்தான் தூங்கு பெஞ்சு உண்டானது. பின்கதவை ஒட்டிய கடைசி பெஞ்சு. ஷிப்ட் பார்த்து வருகிறவன் முதல் வகுப்பு முடியும்வரை அங்கே தூங்கலாம், யாரும் எழுப்பக் கூடாது. குறட்டை விட்டால் மட்டும் முதுகில் ஒரு தட்டு. முன்னால் உட்கார்ந்திருப்பவன் கார்பன் பேப்பர் வைத்து எழுத வேண்டும். மேல் தாள் அவனுக்கு, கீழ்த் தாள் தூங்குகிறவனுக்கு. எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. புதிதாகச் சேருகிற பையனுக்கு மற்றவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். புதிதாகச் சேருகிற ஆசிரியருக்கு பிரின்சிபால் சொல்வார். கணீரென்ற குரலுள்ள எங்கள் தமிழாசிரியர்தான் பாவம், யுத்த வர்ணனையைக் கூட ரகசியம் பேசுவது போல நடத்தினார்.

தூங்கு பெஞ்சின் ராஜா கந்தவேல். நெசவாளர் வீதிப் பையன். படிப்பில் நடுத்தரம், பேச்சில் முதல் தரம். ஒருநாள் விழித்தவுடன் நான் கேள்வி கேட்டேன்.

"கந்தவேல், அக்பருக்குப் பின்னால் வந்தது யாரு?"

"நாந்தானுங்க சார் கடைசியா வந்தேன். எனக்குப் பின்னால யாரும் வர்லீங்க."

பிரின்சிபாலே தாழ்வாரத்தில் நின்று சிரித்தார்.

3

எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. கோயம்புத்தூருக்குப் பேச்சுப்போட்டிக்குப் பையன்களைக் கூட்டிப் போனால், அந்த ஊர் மாணவர்கள் எங்களைப் பார்த்து, "பனியன் காலேஜ் வருதுடோய்! பஞ்சத் தட்டீட்டு உள்ள வாங்கடா!" என்று கத்துவார்கள். எங்கள் பையன்கள் கூடவே சிரித்தார்கள். எனக்குத்தான் காது சுட்டது. சென்னையில் எம்.ஏ. படித்தவன் நான். கல் தூண், மணிக்கூண்டு, கறுப்பு அங்கி இவையெல்லாம்தான் கல்லூரி என்று மனதில் இருந்தது.

பட்டப்படிப்புக்கு அனுமதி கேட்டிருந்தோம். பார்வையிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. அப்போது நான் துணை முதல்வர். கிடங்குக்கு வெள்ளை அடித்தேன். தூசிக்குக் கூரையில் துணி கட்டினேன். மிச்சம் இருந்தது தூங்கு பெஞ்சு.

முதல் நாள் மாலை கந்தவேலைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நாளைக்குக் காலேஜ் லீவு. ஷிப்ட் பசங்க எல்லாருக்கும் சொல்லிரு."

"ரொம்பச் சந்தோசமுங்க சார். ஒரு நாளைக்காவது ஊட்ல படுக்கறேன்."

மறுநாள் குழுவின் தலைவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பிரின்சிபால் மற்றவர்களோடு நூலகத்தில் இருந்தார். நான் பிரமாதமாக நடத்திக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்தது. கந்தவேல் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. பழக்கப்பட்ட மாடு தொட்டிக்குப் போவது போல நேராகப் பெஞ்சுக்குப் போய்த் தலையைச் சாய்த்தான்.

அவன் ஏன் வந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் தறி ஓடுகிறது, பக்கத்து வீட்டிலும் தறி, எதிர் வீட்டிலும் தறி. தூக்கம் வரவில்லை. லீவு நாளில் கல்லூரி காலியாகத்தானே கிடக்கும், அங்கே போய்ப் படுக்கலாம் என்று வந்திருக்கிறான்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேசினால் தூங்குகிற பையன், நான் நிறுத்தியதும் விழித்துக்கொண்டான்.

தலைவர் கேட்டார்: "யார் இந்த இளைஞர்?"

"பக்கத்து மில் கூலியாள், ஐயா. வழி தவறி வந்துவிட்டான். எங்கள் மாணவன் இல்லை."

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததும் நாங்கள்தான். என்னைப் பார்த்தான். எழுந்து, தலையில் இருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டான்.

"ஆமாங்க. மில்லுன்னு நெனச்சு உள்ள வந்துட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

விஷயம் பிரின்சிபால் காதுக்குப் போயிற்று. என்னைத் திட்டவில்லை. "அவன் ஊட்டுக்குப் போய்க் கூட்டீட்டு வந்துருங்க. நீங்க கூப்புட்டாத்தான் வருவான்" என்றார்.

போனேன். நெசவாளர் வீதியின் முனை வரைக்கும் போனேன். தறிச் சத்தம் கேட்டது. அவன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும், அவன் முகத்தையும் பார்க்க வேண்டுமே என்றிருந்தது. திரும்பி நடந்தேன். பிரின்சிபாலிடம் வந்து, "போய்க் கூப்பிட்டேன் சார். படிப்பே வேண்டாம்னுட்டான்" என்றேன். அவர், "அப்பிடியா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

4

அனுமதி கிடைத்தது. புதுக் கட்டடம் வந்தது. கல் தூண் வந்தது. நான் விருப்பப்பட்டு வாங்கிய வெண்கல மணி வந்தது. மில் சங்குக்கும் எங்களுக்கும் இருந்த உறவு முடிந்தது. தூங்கு பெஞ்சை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல் கண்ணாடிக் குடுவைகளை அடுக்கினார்கள். பிரின்சிபால் ஓய்வு பெற்று கொமரலிங்கத்துக்குப் போய் நெல் விவசாயம் பார்த்தார். சில வருடங்களில் காலமானார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய்ப்பில்லாமல் போனது என்று எழுத ஆசைதான். வாய்ப்பு நிறைய இருந்தது. பல்லடம் வழியாக அவர் ஊருக்கு பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது.

அறுபதுகளில் கல்லூரி இன்னொரு தடவை மாறியது. நான் ஆசையாக மாட்டிய ஆங்கிலப் பெயர்ப்பலகைக்கு மாணவர்களே தார் பூசினார்கள். 'சார்' போய் 'ஐயா' வந்தது. என் கறுப்பு அங்கியைப் பார்த்து ஒருவன், "ஐயா, வக்கீல் வேலைக்குப் போறீங்களா?" என்றான். நியாயமான கேள்வி. அதை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஓய்வு பெற்றதும் மகள் அழைத்தாள், கப்பலேறினேன்.

என் பேத்தி மீனா இங்கே வேறொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளிடம் மிச்சமிருக்கும் தமிழ்ச்சொல், தாத்தாவான என்னைக் கூப்பிடும் 'அப்புச்சி' ஒன்றுதான். அதையும் ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்தான் சொல்வாள். லீவில் வந்தவள் பட்டை போட்ட ஒரு கழுத்துத்துணியை எங்கள் பக்கத்து வீட்டு நாய்க்குக் கட்டிவிட்டாள். ஒரு காலத்தில் அது அவர்களுடைய பல்கலைக்கழகத்தின் பெருமைச் சின்னமாம்.

"பழைய மாணவர்கள் வந்து, 'இது நாங்கள் படித்த இடமே இல்லை' என்று வருத்தப்படுகிறார்கள், அப்புச்சி. வேடிக்கை என்னவென்றால், எந்த வருடத்து ஆள் வந்தாலும் இதையேதான் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு கேட்டாள்: "உங்கள் கல்லூரி எப்படி இருந்தது?"

"எந்தக் கல்லூரி?" என்றேன். "நான் ஒரே இடத்தில் மூன்று கல்லூரிகளில் வேலை பார்த்தேன்."

5

சில வருடங்களுக்கு முன் கல்லூரியின் ஆண்டுவிழாவுக்கு அழைப்பு வந்தது. மகள் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் ஊருக்குப் போனேன். விழாவுக்காகப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். போனது கந்தவேலைப் பார்க்க.

ஒரு பனியன் கம்பெனியில் பின்னல் மெஷின் பிட்டராக இருந்தான். மெஷினுக்கு அடியில் படுத்து ஸ்பேனர் திருகிக்கொண்டிருந்தவன், என் செருப்பைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டான்.

"யாரு, சாரா? அட, வாங்க வாங்க! அங்கயும் இதே செருப்புத்தானுங்களா?"

டீக்கடைக்குப் போனோம். இப்போது அவன் தலையில் உண்மையான நரை. நான் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். குழுவின் முன்னால் சொன்னதை, வீதி முனையில் திரும்பியதை, பிரின்சிபாலிடம் சொன்ன பொய்யை.

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "ஏனுங்க சார், இதுக்காகவா சீமையில இருந்து வந்தீங்க? ப்ளேன் சார்ஜ் தண்டமுங்களே."

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை நிறுத்தினான்.

"க்ளாஸ்ல சொன்னீங்களே, அதுக்கு எனக்குக் கோவம் சாய்ங்காலம் வரைக்கும்தானுங்க. பெரிய ஆளுக முன்னால நீங்க வேற என்ன சொல்லுவீங்க? ஆனா நீங்க கூப்புட வருவீங்கன்னு ரெண்டு வாரம் பாத்தனுங்க. அப்பங்கிட்டக் கூடச் சொல்லி வெச்சிருந்தேன், சார் வந்தா உள்ள உக்கார வெய்யி, தறிய நிறுத்தீருன்னு."

நான் என் டீயைத் தள்ளி வைத்தேன்.

"போச்சாது உடுங்க. அந்தப் பெஞ்சுத் தூக்கம் மட்டும் அதுக்கப்பறம் எனக்கு எங்கயுமே வரலீங்க. மெத்த வாங்கிப் படுத்துப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது."

"நான் என்ன செய்யணும் கந்தவேல்?"

"என்னைய மாணவன் இல்லீன்னு ஒரு க்ளாசு முன்னால சொன்னீங்க. மாணவந்தான்னு அதே காலேஜ்ல சொல்லீருங்க. எம் புள்ள செல்வி அங்கதானுங்க பி.காம். படிக்குது. அவங்கப்பன் அந்தக் கேட்டுக்குள்ள கால் வெச்சவன்னே அதுக்குத் தெரியாது."

6

விழாவுக்குப் போனால், அது நான்காவது கல்லூரியாக மாறியிருந்தது. ஏற்றுமதிக் காலம். பையன்கள் ஸ்கூட்டரில் வந்தார்கள். தொண்டர்களாக நின்ற மாணவர்கள் எல்லாரும் கலர் பனியன் அணிந்திருந்தார்கள். நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'பனியன் காலேஜ்' என்று அச்சடித்திருந்தது. எந்தப் பெயரை அழிக்க ஒரு பையனை வெளியே அனுப்பினேனோ, அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். "சார், உங்க சைஸும் இருக்குதுங்க" என்று எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

மைக்கில் இரண்டு பொய்களையும் சொன்னேன். தூங்கு பெஞ்சைப் பற்றிச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. அவன் பாதித் தூக்கத்தில் உள்ளே வந்ததைச் சொன்னதும் இன்னும் பெரிதாகச் சிரித்தது. நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வீதி முனையிலிருந்து திரும்பியதைச் சொன்னபோதுதான் அடங்கியது. "கந்தவேல் எங்கள் மாணவர். அன்றும் மாணவர்தான்" என்று முடித்தேன்.

"யாருங்க அது கந்தவேல்?" என்று ஒருவன் கத்தினான்.

கடைசி வரிசையில் கை உயர்ந்தது. "நாந்தானுங்க. கையத் தட்டாதீங்க, தூக்கம் கலஞ்சிரும்."

அதற்குத்தான் கூரை இடிந்துவிழுவது போலத் தட்டினார்கள். மாணவிகள் பக்கத்தில் ஒரு பெண் மட்டும் தட்டாமல் எழுந்து நின்று பின்னால் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரென்று நான் கேட்கவில்லை.

கல்லூரிச் செயலாளருக்கு முகம் சிறுத்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கும்போது, "பெருமையா நாலு வார்த்த சொல்லுவீங்கன்னு மைக்கக் குடுத்தா, இப்பிடிக் காலேஜ் மானத்த வாங்கீட்டீங்களே சார்" என்றார். கல்லூரி மானத்தைக் காப்பாற்றத்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சாப்பாட்டில் எனக்கு ஜாங்கிரி வரவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

7

கல்லூரியில் அப்போது மாலை வகுப்புகளைத் தொடங்கியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் படிக்கலாம். கந்தவேலைச் சேரச் சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க? டிகிரி வாங்குனா மெஷின் எனக்கு வணக்கம் சொல்லுமா?"

என்னால் முடியாததைச் செல்வி முடித்தாள். ஒருநாள் காலையில் அவனைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்து கல்லூரி அலுவலகத்தில் இறக்கினாள். "எங்கப்பாவச் சேத்தணுமுங்க" என்றாள், கைக்குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வந்த தாய் மாதிரி.

அங்கே ஒரு சிக்கல். அவன் பாதியில் விட்டது இன்டர்மீடியட். அந்தப் படிப்பே இப்போது கிடையாது. இல்லாத படிப்பில் பாதி முடித்தவனை எங்கே சேர்ப்பது என்று குமாஸ்தா கையை விரித்தார். நான் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒரு ஜன்னலில் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள், அடுத்த ஜன்னலில் முதல் ஜன்னலைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி, படிப்பு இடைவெளிக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார். 'ஆசிரியரின் பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இப்படி ஒரு காரணத்துக்கு எங்களிடம் இடமில்லை. குடும்பச் சூழ்நிலை என்று போடுங்கள்" என்றார். இன்னொரு பொய். இதை மட்டும் வருத்தமில்லாமல் எழுதினேன்.

புகுமுக வகுப்பில் முதலிலிருந்து தொடங்கினான். ஆங்கிலத்தில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினான். இப்போது பி.ஏ. கடைசி வருடம் என்று செல்வி எழுதியிருக்கிறாள். வரலாறுதான் பாடமாம். நான் நடத்திய விதத்துக்கு அவனுக்கு வரலாறு பிடித்திருக்க நியாயமில்லை, தூங்கிய இடத்தின் நன்றியாக இருக்கும் என்று பதில் எழுதினேன்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன், மாலை வகுப்பில் ஒருநாள் பாடம் நடத்தக் கேட்டேன். செயலாளர் யோசித்துவிட்டு அனுமதித்தார். விழாவில் கொடுத்த பனியனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனேன். கந்தவேல் கம்பெனியிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து பின்கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைகளை மடக்கி, தலையைச் சாய்த்தான்.

பக்கத்திலிருந்த இளைஞன் பதறி அவன் தோளைத் தொடப் போனான். வேண்டாம் என்று கை காட்டினேன். பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழித்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, அக்பரின் நிலவரியை நடத்திக்கொண்டே முன் பெஞ்சுக்காரனிடம் போய்க் குனிந்து கேட்டேன்.

"தம்பி, உங்ககிட்ட கார்பன் பேப்பர் இருக்குதுங்களா?"